இருமல் பொத்தான்

புதன்கிழமை காலை என் ஓரகத்தி விமான நிலையத்திலிருந்து நேராகக் கூண்டுக்கு வந்தார். சக்கரப் பெட்டியை உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருமினார்.

ஏசி காற்று என்றார். ராத்திரி முழுக்க அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தொண்டை காயும் என்றார்.

நான் நாற்காலியை நகர்த்தப் பார்த்தேன். நகர்த்த இடமில்லை.

கூண்டு என்று நாங்கள் சொல்வது மாநாட்டு மண்டபத்தின் பின்சுவரில் உயரத்தில் இருக்கும் கண்ணாடி அறை. ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று. மேடையில் ஒருவர் பேசப் பேச, நாங்கள் அதை எங்கள் மொழியில் மைக்கில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கீழே பிரதிநிதிகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். ஒரு கூண்டுக்கு இரண்டு பேர். அரை மணி நேரம் ஒருவர், அடுத்த அரை மணி நேரம் மற்றவர். சும்மா இருப்பவர் உண்மையில் சும்மா இருப்பதில்லை. பேசுகிறவர் எண்களில் தடுக்கி விழாமல் இருக்க, அவற்றைத் துண்டுத் தாளில் எழுதி நகர்த்திக்கொண்டே இருப்பார். கூரையில் ஒரு சல்லடை உண்டு. காற்று அதன் வழியாக உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

மைக் பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை மைக் செத்திருக்கும். இருமவும் தும்மவும் தண்ணீர் குடிக்கவும் அது. அதற்குப் பெயரே இருமல் பொத்தான். கீழே இருக்கிறவர்கள் காதைக் காப்பாற்ற யாரோ யோசித்திருக்கிறார்கள். கூண்டுக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு இருந்தது. பல வருடமாக நான் இங்கே தினக் கணக்கில் வேலை செய்கிறேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிரந்தர இடம் ஒன்று காலியானது. இந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வேண்டும், மூன்று பேர் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அவ்வளவுதான் தேர்வு. தொண்டை ஒத்துழைத்தால் போதும். ஒத்துழைக்காவிட்டால் இன்னொரு வெள்ளிக்கிழமை கிடையாது.

இது ஓரகத்திக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“அக்கா, மாஸ்க் போட்டுக்குங்களேன்” என்றேன்.

“போட்டா குரல் கம்பளிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும்” என்றார்.

அது உண்மைதான். நான் போட்டுக்கொண்டு பேசிப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையில் ஒருவர் திரும்பி, எங்கள் கூண்டைப் பார்த்துக் காதைத் தட்டிக் காட்டினார். கழற்றினேன்.

ஓரகத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. மேல்மாடியில் அவர்கள், கீழ்மாடியில் நாங்கள். மாமியார் இரண்டு மாடிக்கும் பொது. ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம் என்பார்கள். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை. அவர் நிரந்தரம். வெளிநாட்டு மாநாடுகளுக்கு அனுப்பப்படுகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட உடம்புக்கு என்று லீவு எடுத்ததில்லை. மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வதுபோல இவர் அதைச் சொல்லிக்கொள்வார். லீவு இருக்கிறவர் எடுக்க மாட்டார். எடுக்க நினைக்கிறவளுக்கு லீவே கிடையாது.

மாநாடு எதைப் பற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பயணிகளிடையே மூச்சுத் தொற்று. அதைத் தடுப்பது எப்படி என்று பேச உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் விமானம் ஏறி வந்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். தொடக்க உரை நிகழ்த்தியவர் ஒவ்வொரு பத்திக்கும் நிறுத்தி, கைக்குட்டையை எடுத்து, மூக்கைச் சிந்தி, மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தார். கைகளைக் கழுவுங்கள் என்றார். இறங்கி வந்து முதல் வரிசை முழுவதற்கும் கை கொடுத்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

முதல் அரை மணி என்னுடையது. மாஸ்க்கைக் கழற்றிய பிறகு நன்றாகப் போனது. அடுத்தது ஓரகத்தி. நாலு வாக்கியம் பேசுவார், பொத்தானை அழுத்துவார், இருமுவார். கீழே எங்கள் மொழி கேட்பவர்கள் காதில் அமைதி. அமைதி விழக்கூடாது. உடனே நான் என் மைக்கைத் திறந்து வாக்கியத்தைப் பிடிப்பேன். அவர் தேறியதும் கையைக் காட்டுவார், நான் விடுவேன். மறுபடி நாலு வாக்கியம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. இடைவேளைக்குள் என் அரை மணியையும் அவர் அரை மணியையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

இடைவேளையில் கூண்டுகளை ஒதுக்கும் அதிகாரியிடம் போனேன். அவர் அறையிலும் ஒரு இருமல் இருந்தது, ஆனால் அது பக்கத்து மேசைக்காரருடையது. வேறு கூண்டு கேட்டேன். இல்லை என்றார். வேறு ஆள் கேட்டேன். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போன ஐந்து பேரில் நாலு பேர் படுக்கையில், எழுந்து நிற்பது உங்கள் ஓரகத்தி ஒருவர்தான் என்றார். பெருமையாகவே சொன்னார். அப்படியானால் அவரை வீட்டுக்கு அனுப்புங்கள், நான் தனியாகச் செய்கிறேன் என்றேன். நாள் முழுக்கத் தனியாளை உட்கார வைக்க விதியில் இடமில்லை, உங்கள் குரல் போய்விடும் என்றார்.

“இப்ப மட்டும் இருக்குமா சார்?” என்றேன்.

வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

என் கணவரைப் போனில் பிடித்தேன். அவருக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடி, நான் இருக்கும் கண்ணாடி அல்ல. அண்ணியிடம் நான் எப்படிச் சொல்வது, நீயே பக்குவமாகச் சொல் என்றார். அவர்கள் குடும்பத்தில் பக்குவமாகச் சொல்வது என்றால் சொல்லாமல் இருப்பது.

உதவியது எல்லோரும் வயர் என்று கூப்பிடுகிற ஒருவர்தான். மண்டபத்தின் மைக், கம்பி, ஒலிப்பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அவர் வந்து கூண்டைப் பார்த்தார், ஓரகத்தியைப் பார்த்தார், ஓரகத்தி கழிவறைக்குப் போகும் வரை காத்திருந்தார். கதவோரத்தில் ஒரு பழைய மைக் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார். அங்கே உட்கார்ந்தால் கதவிடுக்குக் காற்றாவது கிடைக்கும் என்றார். பழைய பெட்டியில் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், இருமல் பொத்தான் இதில் இடப்பக்கம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். என் தலைக்கு ஞாபகம் இருந்தது. கைக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பி வந்த ஓரகத்தி நான் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். தன் நாற்காலியைத் தூக்கி என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அங்கேயிருந்து எழுதினால் உனக்குத் தெரியாது என்றார்.

மதியம் முதல் பேச்சாளர் ஒரு விமான நிலைய மருத்துவர். எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். வாசித்தார் என்பதைவிட விரட்டினார் என்று சொல்லலாம். ஒவ்வொரு வரியிலும் எண்கள். என் முறை. இப்படிப்பட்ட பேச்சு பாறை நிறைந்த ஆற்றில் படகு விடுவது மாதிரி. ஒரு எண்ணில் இடித்தால் அடுத்த மூன்று வாக்கியம் போய்விடும்.

ஓரகத்தி நன்றாகத்தான் எழுதினார். அதுதான் பிரச்சினை. எழுத வேண்டும் என்றால் சாய வேண்டும். சாய்ந்தால் அவர் முகம் என் முகத்துக்கு அடியில். எண்ணை எழுதுவார், தாளை நகர்த்துவார், இருமுவார். முதல் இருமல் என் மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது தாளில். நான் சுவர்ப் பக்கம் சாய்ந்து பேசினேன். மருத்துவர் நோயை மறைத்துக்கொண்டு பயணம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது இருமல் கன்னத்தில். ஈரம் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினேன். திரும்பினேன்.

“காய்ச்சலோட விமானம் ஏறி வந்து, நாலு பேர் மூஞ்சில இருமிட்டு, ஏசி காத்துன்னு சொன்னா அது கடமை இல்ல, திமிர். உடம்பு சரியில்லன்னா வீட்ல போய்ப் படுங்க. நீங்க ஒரு நாள் வரலன்னா உலகம் ஒண்ணும் நின்னுடாது.”

ஓரகத்தி குனிந்தபடியே இருந்தார். அவர் இடது கை மைக்கைக் காட்டியது. வேலையைப் பார் என்கிறார் என்று நினைத்தேன். திரும்பி மருத்துவரின் வாக்கியத்தைத் தேடினேன். துண்டுத் தாளில் எண்கள் இருந்தன. வாசித்தேன். பிடித்துவிட்டேன். பேசிக்கொண்டே போனேன்.

அப்புறம்தான் கவனித்தேன். மைக்கைச் சுற்றியிருந்த சிவப்பு வளையம் எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் மைக் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். என் வலது கை ஒலி அளவுப் பொத்தான் மேல் இருந்தது.

கீழே எங்கள் மொழி கேட்கும் பிரதிநிதிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். வேறு மொழி கேட்பவர்கள் எதற்கு என்று பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் தட்டினார்கள். மருத்துவர் வாசிப்பதை நிறுத்தி நிமிர்ந்தார். அந்த மண்டபத்தில் அன்று அதுவரை யாருக்கும் கைதட்டு விழவில்லை. மறுபடி குனிந்து விட்ட வரியைத் தேடினார்.

அவர் முடித்ததும் எங்கள் மொழி பேசும் பிரதிநிதிக் குழுவின் தலைவர் பேச அனுமதி கேட்டார். எங்கள் மொழியில் பேசினால் எங்கள் கூண்டுக்கு வேலையில்லை. மற்ற கூண்டுகள் மொழிபெயர்க்கும். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் அவர்கள் சுற்றி வளைக்காமல் பேசினார், காலையிலிருந்து இந்த மண்டபத்தில் சாதாரண மனிதனுக்குப் புரிகிற ஒரே வாக்கியம் அதுதான், நோயை மறைத்து விமானம் ஏறுவது திமிர் என்றார், அதை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றார். எல்லாக் கூண்டுகளும் அதை எல்லா மொழிகளிலும் சொன்னன. மருத்துவர் காதில் கையை வைத்துக் கேட்டார். முகத்தில் குழப்பம். பிறகு தலை வணங்கினார். புகழை யார்தான் திருப்பி அனுப்புவார்கள்.

தவளையும் தன் வாயால்தான் கெடும் என்று எனக்குத் தெரியும். வாய்க்கு மைக் வேறு இருந்தால் சீக்கிரம் கெடும்.

ஓரகத்தி ஹெட்போனைக் கழற்றினார். அதன் கம்பியைச் சுருட்டி வைத்தார். பேனாவை மூடினார். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மீதி மதியத்தை நான் தனியாகவே பேசி முடித்தேன். விதியில் இடமில்லாத வேலை. யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை நான் வேலைக்கு வர மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். தேர்வுக்கு முந்தின நாள் குரலுக்கு ஓய்வு. தேர்வு எழுதும் மற்ற மூன்று பேரும் அன்று வேலைக்குப் போனார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது.

நாள் முழுவதும் வாய் திறக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். கணவரை ஹாலில் படுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் அண்ணியைப் பார்க்க மேலே போய்விட்டு வந்திருந்தார். பக்குவமாகப் பேசினீர்களா என்று இன்னொரு சீட்டு எழுதினேன். அண்ணிக்குக் குரலே இல்லை, நல்ல காய்ச்சல், அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். வாசலைக் காட்டினேன். கடைக்குப் போனார்.

மேலே ஓரகத்தி இருமுவது கூரை வழியாகக் கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் நான் பல்லைக் கடித்தேன். எரிச்சலா, குற்றவுணர்வா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இரண்டும் பல்லைத்தான் கடிக்க வைக்கின்றன.

மதியம் மாமியார் கதவைத் தட்டினார். மேலேயிருந்து வருகிறார், அதனால் திறக்கவில்லை. வெளியிலிருந்தே பேசினார்.

“அவளை ஆயிரம் பேர் முன்னாடி திமிர் பிடிச்சவன்னு சொன்னியாமே?”

அறுபது பேர்தான் எங்கள் மொழியில் கேட்டார்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. குரலைச் செலவு செய்ய மனமில்லை.

“அவ உன்னப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல. குரல் இல்லேன்னா போன்ல எழுதிக் காட்டுன்னு கேட்டா, அதைத் தூக்கித் தூரப் போடறா. நீயும் பேச மாட்டேங்கறே. ரெண்டு பேரும் பேசியே பொழைக்கிறவங்க. நல்ல வேடிக்கை.”

அவர் படியேறுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் இறங்குவது கேட்டது. தொற்று எப்படிப் பரவுகிறது என்று மாநாட்டில் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் வீட்டுப் படிக்கட்டையே காட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் எச்சில் விழுங்கிப் பார்த்தேன். வலி இல்லை. ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லிப் பார்த்தேன். குரல் பளிங்கு மாதிரி இருந்தது. வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

தேர்வு அறைக்கு வெளியே மற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். அதிகாரி வந்தார். இப்போது அவர் மாஸ்க் போட்டிருந்தார். தேர்வாளர்கள் மூன்று பேரும் மூன்று நாட்டிலிருந்து புதன்கிழமை விமானத்தில் வந்து இறங்கினார்கள், இருவர் விடுதியில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள், மூன்றாமவருக்குக் குரல் வரவில்லை என்றார். தேர்வைத் தள்ளி வைக்க முடியாது, மாதக் கடைசிக்குள் இடம் நிரம்பாவிட்டால் இடமே போய்விடும் என்றார். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூண்டும் நாள் முழுக்கப் பதிவாகிறது. இந்த வார மாநாட்டில் நீங்கள் விடாமல் பேசிய அரை மணி நேரத்தை நீங்களே தேர்ந்தெடுத்துப் பதினோரு மணிக்குள் கொடுங்கள். படுத்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள்.

மற்ற மூன்று பேரும் பெருமூச்சு விட்டார்கள். நேற்று நன்றாகப் பேசினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நேற்று நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குரலைக் காப்பாற்றிய ஒரே ஆள் நான். குரல் இல்லாமல் நின்ற ஒரே ஆளும் நான்.

பதிவு அறையில் வயர் என் புதன்கிழமையை எடுத்துப் போட்டார். முதல் அரை மணியில் பாதி மாஸ்க்குக்குள் பேசினது, அதற்குப் பிறகு காலை முழுக்கத் துண்டு துண்டு. மூன்று வாக்கியம் நான், நாலு வாக்கியம் ஓரகத்தி. மதியத்தின் கடைசிப் பகுதி உதவுமா என்று போட்டுக் கேட்டுப் பார்த்தோம். தனியாகப் பேசிப் பேசி என் குரல் கரகரத்திருந்தது. நல்லதாக, நீளமாக, விடாமல் இருந்தது ஒரே ஒரு அரை மணிதான். விமான நிலைய மருத்துவர்.

கேட்டேன். நன்றாக இருந்தது. அடக்கமாகச் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது. நடுவில் அது வந்தது. திமிர். வீட்ல போய்ப் படுங்க. பளிச்சென்று இருந்தது. அந்த அரை மணியிலேயே மிகத் தெளிவான உச்சரிப்பு அதுதான்.

உரைபெயர்ப்பில் ஒரு சொல்லை விட்டால் மன்னிப்பார்கள். பேச்சாளர் சொல்லாததைச் சொந்தமாகச் சேர்த்தால் தள்ளுபடி. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வயர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

“சத்தத்தை மட்டும் அமுக்கிடலாம்மா. இருமல் பொத்தானை அழுத்தின மாதிரி இருக்கும். பக்கத்துல இருந்தவங்க இருமினாங்கன்னு நெனச்சுப்பாங்க. அவங்க இருமினது ஊருக்கே தெரியும்.”

இன்னொரு தடவை போடச் சொன்னேன். இந்த முறை மேடையின் ஒலியையும் சேர்த்துப் போட்டார். ஒரு காதில் மருத்துவர், இன்னொரு காதில் நான். நான் திட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவர் நிற்கவில்லை. இரண்டு வாக்கியம் சொன்னார். இரண்டு வாக்கியத்தில் ஐந்து எண்கள். எத்தனை பயணிகள், எத்தனை பேருக்குப் பரிசோதனை, அதில் எத்தனை விழுக்காடு. நான் திரும்பி வந்து ஐந்தையும் சரியாகச் சொன்னேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

நான் அவற்றைக் கேட்கவே இல்லை. என் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டிருக்க வழியில்லை. தாளில் இருந்து வாசித்தேன்.

அப்படியானால் தாளில் எப்போது எழுதினார்?

மறுபடி போடச் சொன்னேன். வேறு நேரமே இல்லை. இடது கையால் சிவப்பு வளையத்தைக் காட்டிக்கொண்டு, என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு, வலது கையால் எழுதியிருக்கிறார். காய்ச்சலில், ஐந்து எண்களை, வரிசை மாறாமல்.

எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது. மனுஷி லீவு போட்டிருந்தால் இதெல்லாம் ஒன்றுமே நடந்திருக்காது.

“அமுக்கிடவா?” என்றார் வயர்.

அமுக்கினால் என்ன இருக்கும் என்று யோசித்தேன். ஒரு அமைதி. அந்த அமைதிக்குக் காரணம் அவர் இருமல். அது முடிந்ததும் நான் ஐந்து எண்களோடு வந்து நிற்பேன், வானத்திலிருந்து இறங்கினவள் மாதிரி. திட்டினதும் போகும், எழுதினதும் போகும், இருமினது மட்டும் அவர் பேரில் நிற்கும்.

வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றேன். வயர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அனுப்பினார்.

மதியம் அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். பேசியது எங்கள் மொழித் தேர்வாளர். குரலில் மணல் கொட்டியிருந்தது. மற்ற இருவரும் இணைப்பில் இருக்கிறார்கள், பேச மாட்டார்கள் என்றார்.

நடுவில் வரும் மூன்று வாக்கியம் பேச்சாளர் சொன்னதா என்று கேட்டார். இல்லை என்றேன். தெரியும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்த்தோம் என்றார். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் இருந்த என் ஓரகத்தியிடம், பொத்தான் மாறிவிட்டது என்றேன். அதிகாரி கூரையைப் பார்த்தார்.

“அதுக்கப்புறம் அஞ்சு எண்ணையும் பிடிச்சீங்களே. எப்படி? நாங்க மூணு பேரும் ரெண்டு தரம் கேட்டோம்.”

அந்தக் குரலில் பாராட்டு இருந்தது. அதை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். நல்ல பயிற்சி என்று இரண்டு வார்த்தை போதும்.

“நான் பிடிக்கல மேடம். அவங்க எழுதிக் கொடுத்தாங்க. நான் திட்டிட்டிருக்கும்போதே.”

எதிர்ப்பக்கம் அமைதி. சாதாரண அமைதி இல்லை. மூச்சு, துணி சரசரப்பு எதுவும் இல்லாத, அறுத்துவிட்ட அமைதி. எனக்கு அந்த அமைதியைத் தெரியும். மூன்று பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

காத்திருந்தேன். அதிகாரி பேனாவைத் திறந்து மூடினார். நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று வாக்கியம் தயார் செய்ய ஆரம்பித்தேன்.

குரல் திரும்பி வந்தது.

“சொந்த வாக்கியம் சேர்த்தா தள்ளுபடி. அது விதி. இருமலோட விமானம் ஏறக்கூடாதுங்கறதும் விதிதான். நாங்க மூணு பேரும் ஏறி வந்திருக்கோம்.” மறுபடி அறுந்தது. மறுபடி வந்தது. “மத்த மூணு பதிவும் கேட்டோம். கூண்டுல பக்கத்துல ஒரு ஆள் இருக்கறதே அதுல தெரியல. திங்கட்கிழமை வந்து சேருங்க. பொத்தான் எங்க இருக்குன்னு பார்த்துட்டு உட்காருங்க.”

அதிகாரி எனக்குக் கை கொடுத்தார். கொடுத்த பிறகு இருவரும் அவரவர் கையைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என் தளத்தில் நிற்காமல் மேலே ஏறினேன். மாமியார் கதவைத் திறந்துவிட்டு வழிவிட்டார். நடுவராக இருந்து அவருக்கும் அலுத்திருந்தது. ஓரகத்தி கூடத்து நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் வாசலோடு நின்றேன். வேலை கிடைத்துவிட்டது என்றேன். தலையாட்டினார். திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க அக்கா என்றேன். அதற்குத் தலையாட்டவில்லை.

பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.

“எண்ணெல்லாம் சரியா இருந்துதா?” என்றார். குரல் கதவிடுக்கில் மாட்டினது போல வந்தது.

“அஞ்சும் சரி.”

யோசித்தார். போர்வையை இழுத்துக்கொண்டார்.

“திமிர்ங்கற வார்த்தை அந்த எடத்துக்குப் பொருந்தல. சபைல சொல்றது. தலைக்கனம்னு போட்டிருக்கலாம்.”

சொல்லிவிட்டு இருமினார். வாயை மூடவில்லை.